செம்போரை – ஆல் சைடு

பசுவந்தனை ரோட்டில் பழைய ஜின்னிங் பேக்டரிச் சுவரில் வரைந்திருந்த ஆடு, சித்திரை பிறந்ததும் போஸ்டர் தின்னத் தொடங்கியது. அந்த வருஷம் உளுந்து விலை சுமார், மழை அதைவிடச் சுமார். போஸ்டர் பசை மைதா மாவில் காய்ச்சுவது. கோவில்பட்டியில் உயிருள்ள ஆடுமாடுகளே அதைத் தின்றுதான் கோடையைத் தாண்டுகின்றன. அதனால் வரைந்த ஆடு ஒன்றும் அந்தப் பந்தியில் சேர்ந்துகொண்டதில் ஊருக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. போஸ்டர் ஒட்டும் பேச்சிராஜாவுக்கு மட்டும் வயிறு எரிந்தது.

பேச்சிராஜாவைப் பொறுத்தவரை உலகத்துச் சுவர்கள் இரண்டே வகை: பசை பிடிக்கும் சுவர், பிடிக்காத சுவர். ஜின்னிங் பேக்டரிச் சுவர் முதல் வகையில் முதல் இடம். அந்த வளைவில் பஸ் மெதுவாகத்தான் திரும்ப வேண்டும் என்பதால் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் படித்தே தீர வேண்டும். ஊரின் கல்யாணம், காதுகுத்து, சாவு, சினிமா எல்லாவற்றையும் அவன் அங்கே ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, சுவரை மெத்தை மாதிரி ஆக்கி வைத்திருந்தான். அந்த மெத்தையைச் சுரண்டி எறிந்துவிட்டுப் படம் வரைந்தவள் முஹ்சினா. சுவருக்குச் சொந்தக்காரரான வத்தல் வியாபாரி முகம்மது இஸ்மாயிலின் மகள். கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு வந்திருந்தாள். சாரம் கட்டி ஏறி நின்று, கரிசல் காடு, வெடித்த பருத்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும் மினிபஸ், உடைமர நிழலில் வாயைத் திறந்து தூங்கும் ஓர் ஆள், ஓரத்தில் ஒரு செம்போரை ஆடு என்று வரைந்து முடித்தாள். வெள்ளைத் தோலில் செம்மண்ணை அள்ளி இறைத்தது போலத் திட்டு விழுந்த கொடியாட்டைத்தான் செம்போரை என்பார்கள். கால் நெட்டை, திமிரும் அதற்குத் தகுந்த அளவு.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "எந்தக் கம்பெனி விளம்பரம்மா இது?"

"விளம்பரம் இல்ல, படம்."

"படமா? எந்தத் தியேட்டர்ல?"

அவளுடைய அத்தா இஸ்மாயிலே இதைக் கேட்டார் என்று சொல்கிறார்கள். ஒன்றையும் விற்காமல் ஒரு சுவர் சும்மா அழகாக இருப்பது ஊருக்கு லேசான சந்தேகத்தைக் கொடுத்தது. பேச்சிராஜாவுக்குச் சந்தேகமே இல்லை. "சுவர்னு ஒண்ணு இருந்தா போஸ்டர் ஒட்டத்தான். பெறவு என்ன, பொட்டு வச்சுக் கும்புடவா?" என்று பருத்திக் காட்டின் நடுவிலேயே ஒரு சினிமா போஸ்டரை ஒட்டினான். மறுநாள் அது இல்லை. பிறகு மேலே ஒட்டிப் பார்த்ததும் இல்லை, கீழே ஒட்டிப் பார்த்ததும் இல்லை. எவனோ கிழிக்கிறான் என்று எதிர் டீக்கடையில் காலையிலேயே போய் உட்கார்ந்தான். ஆடு கழுத்தை நீட்டி, போஸ்டரின் நுனியைக் கவ்வி, நிதானமாக உரித்துத் தின்றது.

தின்பதில் அதற்கு ஒரு தரம் இருந்தது. சினிமா போஸ்டரில் கதாநாயகனை விட்டுவிட்டுப் பின்னால் ஆடுகிறவர்களைத் தின்னும். டியூஷன் சென்டர் போஸ்டரில் மார்க்கைத் தின்றுவிட்டுப் பிள்ளைகளை விட்டுவிடும். செல்போன் நம்பரை மட்டும் தொடாது. புழுக்கை சுவரடியில் நிஜமாகவே விழுந்தது, பல வண்ணத்தில். இடைசெவல்காரர் ஒருவர் அதைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போய் உளுந்துக்குப் போட்டார். உளுந்து நன்றாகத்தான் வந்தது. உளுந்தின் தோலில் பொடிப்பொடியாக எழுத்து தெரிந்தது. யாருக்கும் படிக்க வரவில்லை, கமிஷன் கடையில் விலையும் மாறவில்லை.

ஆட்டைக் கையும் களவுமாகப் பிடிக்கத் தினமும் உட்கார்ந்ததில் பேச்சிராஜா, வேறு வழியில்லாமல், படத்தைப் பார்த்தான். முதல் நாள் பருத்தி எடுக்கிற பெண் ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிவதைப் பார்த்தான். பிறகு மினிபஸ்ஸின் பின்னால் தொங்குகிறவன் டிக்கெட் எடுக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிவதைப் பார்த்தான். ஒருநாள் உடைமரத்தடியில் தூங்குகிறவனின் செருப்பைப் பார்த்தான். அறுந்த வாரில் ஊக்கு மாட்டியிருந்தது. குனிந்து தன் காலைப் பார்த்தான். அதே ஊக்கு.

முஹ்சினாவிடம் சண்டைக்குப் போனான். அவள் மறைக்கவில்லை. "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மத்தியானம் வண்டி மேலயே தூங்குவீங்கள்லா அண்ணாச்சி, அப்பப் பாத்து வச்சிக்கிட்டேன்" என்றாள். திட்ட வந்தவன் வண்டியைத் திருப்பினான். வீட்டுக்குப் போய் மனைவி இசக்கிச்செல்வியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து காட்டினான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கதக்கூட விடல பாருங்க. நீங்களேதான்." ஊரில் பிறந்தவன், செத்தவன், நின்றவன், தோற்றவன் எல்லோருடைய மூஞ்சியையும் ஒட்டிய கை அது. அவன் மூஞ்சியை எவனும் எங்கும் ஒட்டியதில்லை. அன்றைக்கு அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது. டீக்கடையில் புகை என்று சொல்லிச் சமாளித்தான்.

அதன் பிறகு ஆட்டுக்குப் பசை கொஞ்சம் கெட்டியாகவே காய்ச்சினான். ஆடும் தேறியது. வயிறு இருந்த இடத்தில் சுவர்ப்பூச்சு புடைத்து வந்தது. சினை என்று டீக்கடையில் முடிவு செய்தார்கள். கிடா எந்தச் சுவரில் இருந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் பூவனலிங்கத்தின் பிறந்தநாள் வந்தது. பூவனலிங்கம் ஒரு கட்சியின் நகரப் புள்ளி, அகவை ஐம்பது. 'எங்கள் அண்ணன் பூவனலிங்கம் அவர்கள்' என்று மேலே கொட்டை எழுத்திலும், கீழே வாழ்த்துவோர் பெயர்களுமாகப் போஸ்டர் அடித்திருந்தார்கள். அதற்கு நேர் கீழே, அதே காலையில் இறந்துபோன சாமித்துரை வாத்தியாரின் போஸ்டர். ஆடு மேலதில் கீழ்ப்பாதியையும், கீழதில் மேல்பாதியையும் தின்றது. மிஞ்சியதை பஸ்ஸில் போனவர்கள் சேர்த்துப் படித்தார்கள்: 'எங்கள் அண்ணன் பூவனலிங்கம் அவர்கள் இறைவனடி சேர்ந்தார். நல்லடக்கம் மாலை நான்கு மணி.' பூவனலிங்கம் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தபோது வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். கொட்டுக்காரர்களுக்கு அட்வான்ஸ் போயிருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் முந்தி வந்து, மாலையும் கையுமாக, உண்மையான துக்கத்தோடு நின்றார்கள். ஊர் மாலையெல்லாம் அங்கே குவிந்துவிட்டதால் வாத்தியாருக்குத் தட்டுப்பாடாகி, பூவனலிங்கம் வீட்டிலிருந்துதான் இரண்டு கூடை அனுப்பினார்கள்.

சாயங்காலம் அவர் பேச்சிராஜாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "ஏலே, எலெக்ஷன் வருது. அந்தச் சுவத்துக்கு வெள்ளையடிச்சி நம்ம கட்சி பேரப் போடுதோம். திங்கக்கெழம பயலுவ வருவானுவ, நீயும் சுண்ணாம்பு மட்டையோட வந்து நிக்கணும். வரலைன்னா இனிமே ஒனக்கு நம்ம கட்சி போஸ்டர் ஒண்ணு கெடையாது, பாத்துக்க." இஸ்மாயிலைக் கேட்கும் பேச்சே எழவில்லை. தேர்தல் வந்தால் சுவர் தேர்தலுக்குச் சொந்தம்.

தேர்தல் போஸ்டர் இல்லாவிட்டால் பேச்சிராஜா வீட்டில் அடுப்பு எரியாது. வெள்ளையடித்தால் ஆடும் போகும், வயிற்றுக் குட்டியும் போகும், உடைமரத்தடியில் ஊக்குச் செருப்போடு தூங்குகிறவனும் போவான். முஹ்சினாவிடம் சொன்னான். "அழிச்சா நான் வேற வரைவேன் அண்ணாச்சி. அந்த ஆட்டத் திரும்ப வரைய முடியுமான்னுதான் தெரியல" என்றாள். 

இந்த நாட்டில் கட்சிகள் ஒன்றையொன்று எல்லா வகையிலும் ஏமாற்றும். ஒன்றில் மட்டும் ஏமாற்றாது. ஒரு சுவரின் மூலையில் கட்சிப் பெயரையும் வருஷத்தையும் எழுதி 'ஆல் சைடு' என்று போட்டுவிட்டால், அந்த வருஷம் வரைக்கும் அதன் எல்லாப் பக்கமும் அவர்களுடையது. இவன் சுவரில் அவன் கை வைத்தால் அவன் சுவரில் இவன் கை வைப்பான், பிறகு தமிழ்நாட்டில் எவனுக்கும் சுவர் மிஞ்சாது. அந்த எழுத்தை ஊரெல்லாம் எழுதிக் கொடுக்கிறவனும் பேச்சிராஜாதான். திங்கட்கிழமை விடிந்ததும் நீல டப்பாவோடு போய், ஆட்டின் காலடியில் எழுதினான்: 'செம்போரை – 2031 – ஆல் சைடு.'

சுண்ணாம்பு வாளியோடு வந்த பையன்கள் எழுத்தைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டார்கள். பூவனலிங்கம் காரில் வந்து இறங்கினார்.

"யாருலே இந்தச் செம்போரை?"

"தெரியல அண்ணாச்சி. அஞ்சு வருசத்துக்கு முன்கூட்டியே புடிச்சிருக்காவன்னா பெரிய கையாத்தான் இருக்கும்" என்றான், மட்டையோடு வந்து நின்ற பேச்சிராஜா.

ஒட்டப்பிடாரத்துக்குப் போன் போட்டார், மணியாச்சிக்குப் போட்டார், தூத்துக்குடிக்கும் போட்டார். யாருக்கும் தெரியவில்லை. யாருக்கும் தெரியாத கட்சி என்றதும் அவருக்கு வேர்த்தது. மேலிடத்தைக் கேட்டார். கூட்டணி முடிவாகும்வரை செம்போரையைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று மேலிடம் சொன்னது. அவர் போனை வைப்பதற்குள் ஆடு சுவரை விட்டுக் கழுத்தை நீட்டி, கார் முகப்பிலிருந்த கட்சிக் கொடியைத் தின்று முடித்திருந்தது. பூவனலிங்கம் ஆட்டைப் பார்த்தார், திட்டுத்திட்டான செந்நிறத்தைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார்.  அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் எழுதினது எழுதினதுதான். "வாளியத் தூக்குங்கலே" என்று பையன்களிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினார். பேச்சிராஜாவுக்குப் போஸ்டர் நிற்கவில்லை. பசை காய்ச்ச ஊரில் வேறு ஆளும் இல்லை.

ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று சுவர் சுவராகத் தாவி மணியாச்சி ஜங்ஷன் வரை போய், அங்கே தண்டவாளம் பார்த்த சுவரில் தங்கிவிட்டது. இன்னொன்று தூங்குகிறவனின் தலைமாட்டில் படுத்துக்கொண்டது. பஸ் அந்த வளைவில் முன்னைவிட மெதுவாகத் திரும்புகிறது. எந்தத் தியேட்டர் என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

சட்டசபைத் தேர்தல் முடிந்து உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்தபோது, பூவனலிங்கம் டீக்கடைக்கு வந்து பேச்சிராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மினிபஸ்ஸுக்கு மேலே வானம் சும்மாதானே கிடக்கிறது, அங்கே மட்டும் சின்னதாக ஒரு சின்னம் வரைந்துகொள்ளலாமா என்று தணிந்த குரலில் கேட்டார். பேச்சிராஜா டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, "ஆட்டுக்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றான்.

"கேட்டுச் சொல்லுப்பா" என்றார் பூவனலிங்கம். சொல்லிவிட்டு, வரும்போது ஆட்டுக்கென்று வாங்கி வந்த பழைய காலண்டர் கட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.