ஹேமந்தின் முறை

தொப்பியைப் பிடுங்கி எறிவதிலேயே குறியாக இருந்தான் ஹேமந்த். துணித் தொப்பிதான், ஆனால் அதிலிருந்து கலர் கலராக ஒயர்கள் தொங்கின. பத்து மாதக் குழந்தைக்கு அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் வேறு கிடைக்குமா? பிரியங்கா மகனை மடியில் இறுக்கி, அவன் இரண்டு கைகளையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் எதிரே இருந்த திரையில் வைத்திருந்தாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியின் அந்தச் சின்ன அறையில், ஸ்பீக்கருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் 'பா... பா... பா...' என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் திடீரென்று ஒரு 'டா'. மறுபடியும் 'பா... பா...'. திரையில் கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடின.

கேள்வி கேட்காவிட்டால் பிரியங்காவுக்குச் சோறு இறங்காது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து மீன்பிடிக்கும் புருஷன் தேவேந்திரனைப் போட் எஞ்சினில் தொடங்கி நண்டின் கண் வரைக்கும் கேட்டுக் குடைந்து எடுத்தவள், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பானுமதியை மட்டும் விட்டுவிடுவாளா?

"இன்னா மேடம் இந்தக் கோடு? உள்ள இன்னா நெனைச்சிகினு கீறான்னு தெரியுமா?"

"நெனைக்கிறதெல்லாம் தெரியாதும்மா" என்று சிரித்தாள் பானுமதி. "ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தா மூளைக்குச் சலிச்சுப் போயிடும். புதுசா ஒண்ணு வந்தா நிமிந்து பாக்கும். இவன் மூளை நிமிருதான்னு இந்தத் தொப்பிய வெச்சுப் பாக்கறோம்."

சுவரோரம் நின்றிருந்த தேவேந்திரனுக்கு இது விளங்கவில்லை. "அவனுக்குத்தான் 'பா' சொல்லவே வராதே மேடம். காத்து பூரா மூக்கு வழியா பூடுது."

அதுவும் சரிதான். உதட்டுப் பிளவை நாலாம் மாதமே தைத்துவிட்டார்கள். மேலுதட்டில் ஒரு மெல்லிய தழும்புதான் மிச்சம். வாய்க்குள் மேலே, அண்ணத்தில் இருந்த பிளவு அப்படியே இருந்தது. பாலாடையில் புகட்டும் பால் சில நேரம் மூக்கில் எட்டிப் பார்க்கும். அதற்கு அடுத்த மாதம் ஆபரேஷன்.

"சொல்றதுக்குத்தான் வாய் வேணும். இது வேற, அது வேறன்னு பிரிச்சுக் கேக்கறதுக்கு வாய் எதுக்கு? இந்த வயசுல மூளைக்கு ராப்பகலா அதான் வேலை."

மறுபடி ஒரு 'டா' வந்தது. "தோ, துள்ளுது!" என்றாள் பிரியங்கா.

"துள்ளுது. ஆனா கொஞ்சம் லேட்டா, சின்னதா. காதுக்குள்ள நீர் கோத்திருக்கு. அண்ணம் பிளந்த கொழந்தைங்களுக்கு அது சகஜம். ஆபரேஷனப்பவே பாத்துக்கலாம். இது ஆராய்ச்சிக்காக எடுக்கறது. இத வெச்சு இவன் பேசுவான், பேசமாட்டான்னு யாரும் சொல்ல முடியாது." பானுமதி தொப்பியின் நாடாவை அவிழ்த்தபடியே கேட்டாள். "வீட்ல இவன்கிட்ட யாரு நெறைய பேசறது?"

வீட்டில் யாருமே அவனிடம் பேசுவதில்லை என்பதுதான் உண்மை.

உதடு தைத்து அனுப்பும்போது, குழந்தையை ரொம்ப அழவிட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். சொன்னது அவ்வளவுதான். தேவேந்திரன் கயிறும் வலையுமாக வளர்ந்தவன். இழுத்தால் தையல் பிரியும் என்பது அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழுதால் உதடு இழுபடும். சரி, சிரித்தால் மட்டும்? அதனால் சிரிக்க வைக்கவும் கூடாது. கொஞ்சினால் சிரிப்பான், ஆகவே கொஞ்சவும் கூடாது. வாசலில் நின்று குப்பம் முழுக்க இந்தச் சட்டத்தைப் போட்டான். பார்க்க வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார்கள். ஊரையே கேள்வி கேட்கும் பிரியங்கா, பெற்ற பிள்ளையிடம் சைகை காட்டிக்கொண்டிருந்தாள். தையல் கரைந்து போயிற்று, சட்டம் கரையவில்லை. அடமே பண்ணாத பிள்ளை என்று எல்லோரும் மெச்சியபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது மகனைத் திருப்பி உட்காரவைத்து, அவன் உதட்டுத் தழும்பைத் தடவினாள்.

"கெட்டுப் பூடுச்சா மேடம்?" என்று கேட்டாள்.

"அப்படியெல்லாம் இல்ல. இன்னைக்கே ஆரம்பிங்க. பேசுங்க. பேசிட்டு நிறுத்துங்க, அது அவன் முறை. 'ங்'னு ஒரு சத்தம் குடுத்தாலும் அது பதில்தான். அத வாங்கிக்கிட்டு மேல பேசுங்க."

ஊருக்குத் திரும்பும் பஸ் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனபோதே பிரியங்கா தொடங்கிவிட்டாள். கண்டக்டர், மலை, ஆடு, டிக்கெட் எதையும் விடவில்லை. பேசுவது அவளுக்குக் கஷ்டமே இல்லை, நிறுத்துவதுதான் வரவில்லை. தேவேந்திரன் பாடு நேரெதிர். நன்றாக நிறுத்தினான், நிறுத்துவதற்கு முன்னால் சொல்லத்தான் ஒன்றுமில்லை.

"ஏம்மே, இவங்கிட்ட இன்னாத்த பேசறது?"

"கடல்ல இன்னா பாத்தியோ அத சொல்லு மாமா."

மறுநாள் கடலிலிருந்து வந்ததும் அவன் குழந்தையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டான். "இன்னிக்கு... நீவாடு ஜாஸ்தி. தண்ணி இஸ்துகினு போச்சு. வலை கிஞ்சி பூடுச்சி" என்று போலீசில் எழுதிக்கொடுப்பவன் மாதிரி சொல்லிவிட்டுக் காத்திருந்தான். ஹேமந்த் அப்பனுடைய வாயை உற்றுப் பார்த்தான். பேசாமல் அவன் மீசையைப் பிடித்து இழுத்தான். நாட்கள் இப்படியே போயின. ஆபரேஷன் தேதி நெருங்க நெருங்க, ரொம்பப் பிந்திவிட்டோமோ என்ற பயம் பிரியங்காவை அரித்தது. அண்ணத்தைத் தைத்துவிடுவார்கள். பேச்சை யார் தைத்துக் கொடுப்பார்கள்?

ஒருநாள் காலை, தேவேந்திரனின் போட் கரையேறிய நேரம். சங்கரா மீன் மணலில் குவிந்திருந்தது. பன்னீர்செல்வம் ஏலம் கூறிக்கொண்டிருந்தார். விலையை ஒரே மூச்சில் உரக்கச் சொல்வார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். யாராவது ஏற்றிக் கேட்கும்வரை வாயைத் திறக்கமாட்டார். பிரியங்கா ஹேமந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். பன்னீர்செல்வம் மூன்றாம் முறையாக விலை சொல்லி நிறுத்தினார்.

"ங்ஙா!"

மூக்கால் வந்த சத்தம்தான். ஆனால் கணீரென்று வந்தது.

"கேட்டாச்சு! அதுக்கு மேல?" என்று பன்னீர்செல்வம் பழக்க தோஷத்தில் கத்திவிட்டு, கேட்டது யார் என்று அப்புறம்தான் பார்த்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் குனிந்து, குழந்தையைப் பார்த்து, அதே ராகத்தில் இன்னொரு தடவை விலையைச் சொன்னார்.

"ங்ஙா!"

பிரியங்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தேவேந்திரன் ஈரக்கையால் அவள் தோளை அழுத்தினான். இன்னொரு கையைத் தூக்கி, சிரித்துக்கொண்டிருந்த பெண்களை அடக்கினான்.

"இருங்க, இருங்க. அவன் இன்னும் முடிக்கல."

பன்னீர்செல்வம் நிமிரவில்லை. வியாபாரிகளும் கூடைக்காரிகளும் சத்தம் காட்டாமல் நின்றார்கள். மணலில் ஒரு சங்கரா மட்டும் வாலை அடித்துக்கொண்டிருந்தது. ஹேமந்த் சுற்றி நின்ற அத்தனை முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு 'பா' சொல்லப் போகிறவன் மாதிரி மேலுதட்டையும் கீழுதட்டையும் மெதுவாக ஒட்டினான். மூக்கில் லேசாகக் காற்று சீறியது.