வெட்டு மேசையின் உயரம்

துணி வெட்டுகிற மேசை, வெட்டுகிறவரின் இடுப்பளவு இருக்க வேண்டும். ஏறினால் தோள் போகும், இறங்கினால் முதுகு போகும். தையல்காரர் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. ஆனால் கத்திரியக்காவுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லாமலே வருஷங்கள் ஓடிவிட்டன.

அவள் வேலை பார்த்த கடையின் மேசை, முதலாளியம்மாவின் புருஷன் தன் உயரத்துக்குச் செய்துகொண்டது. மனுஷன் விளக்குக் கம்பம் மாதிரி இருப்பார். அவர் காலமான பிறகு வெட்டு வேலை கத்திரியக்காவின் கைக்கு வந்தது. மேசைதான் இறங்கி வரவில்லை. அவளோ குட்டை. ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் நின்றுதான் வெட்டுவாள். மேசையின் அந்தக் கோடிக்குப் போக வேண்டுமானால் இறங்கி, பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு போய், மறுபடி ஏற வேண்டும். தள்ளித் தள்ளிக் கால் கட்டைவிரல் காய்ப்பேறிவிட்டது. "அக்கா மேடையேறிட்டாங்க, கைதட்டுங்கடி" என்று தையல் பெண்கள் தினமும் கேலி பண்ணுவார்கள், தட்டவும் செய்வார்கள்.

அதனால்தான், வீட்டு முன்னறையைக் கடையாக்கித் தருகிறேன் என்று அண்ணன் சொன்னதும் அவளுக்கு முதலில் மேசை ஞாபகம் வந்தது. வரன் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், கடைசியில் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிட்ட தங்கை அவள். "உனக்குன்னு ஒண்ணு வேணாமா?" என்று அண்ணன் கேட்ட கேள்வியில் உச்சி குளிர்ந்துபோனாள்.

வேலையை விட்ட அன்று, பெட்டியை ஒரே உதையில் மூலைக்குத் தள்ளிவிட்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி முதலாளியம்மாவிடம் சொன்னாள்: "இதை அடுத்து வர்றவளுக்கு வச்சுக்கோங்க. என் காலு இனிமே தரையிலதான்." முதலாளியம்மா சிக்கெடுத்துக்கொண்டிருந்த நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முன்னறையைக் கத்திரியக்கா தானே சுண்ணாம்படித்தாள். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று காலையிலும் மாலையிலும் நின்று பார்த்து, தையல் மிஷினை இடம் மாற்றி மாற்றி வைத்தாள். அளவு நாடா தொங்க ஒரு ஆணி, தைத்த துணி தொங்க ஒரு கம்பி. தச்சர் வந்தபோது சுவரோரம் நின்று இடுப்பில் கையை வைத்து, இதற்குமேல் ஒரு விரல்கூட ஏறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவரும் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். புதுச் சுண்ணாம்பில் கோடு விழுந்ததே என்று அண்ணி முகம் சுளித்தாள். கத்திரியக்கா அதை அழிக்கவே இல்லை.

கடை திறப்பதற்கு முந்தின நாள் மேசை வந்து இறங்கியது. ஆசையாகப் போய் நின்றாள். விளிம்பு நெஞ்சில் இடித்தது.

யார் வீட்டு மேசையையோ மாற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள் என்று தச்சரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் மேசைக்கால் ஆணியை முடுக்கியபடியே, "மாறலம்மா. அளவுதான் அப்புறம் மாறிடுச்சு. அவரை நிக்க வச்சுத்தானே எடுத்தேன்" என்றார்.

"எவரை?"

அண்ணியின் தம்பியை. உடுப்புத் தொழிற்சாலையில் வேலை போய், அக்கா வீட்டுச் சோற்றுக்கு வந்து போய்க்கொண்டிருந்தவன். கத்திரியக்கா பொத்தானும் லைனிங் துணியும் வாங்கப் போயிருந்த ஒரு பகலில் அவனை இதே இடத்தில் நிற்க வைத்து அளந்திருக்கிறார்கள்.

அண்ணன் வந்தான். கழுத்தைச் சொறிந்துகொண்டே என்னென்னவோ சொன்னான். ஆம்பிளை ஒருத்தன் முன்னால் நின்றால்தான் கடை கடையாக இருக்குமாம். அவனும் வெட்டத் தெரிந்தவன்தானாம். அவள் மிஷினில் உட்கார்ந்துகொண்டால் முதுகுக்கும் நல்லதாம். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. அண்ணி காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

"கடை யாருக்குண்ணே?"

"நம்ம எல்லாருக்குந்தான். இதுல என்ன பிரிச்சுப் பேசற?"

அவள் தச்சரிடம் திரும்பி, அந்தப் பென்சில் கோட்டு அளவுக்கு மேசைக் காலை அறுத்துவிடச் சொன்னாள். தச்சர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தெருவைப் பார்த்தான். பார்த்தபடியே, குரலில் கொஞ்சம் பாசத்தைக்கூடக் குழைத்துச் சொன்னான்:

"வெட்டணும்னு தோணுறப்ப ஒரு பெட்டியைப் போட்டு நின்னுக்கயேன். உனக்குப் பழக்கந்தானே."

மிச்சப் பலகை கிடக்கிறது, ஒரு நொடியில் அடித்துத் தருகிறேன் என்று தச்சர் நல்லெண்ணத்தோடு சுத்தியலை எடுத்தார்.

கத்திரியக்கா அவரைத் தடுத்தாள். மேசைமேல் வைத்திருந்த கத்திரியை எடுத்துத் துணியில் சுற்றினாள்.

"சொந்தக் கடையில பெட்டி மேல நிக்கறதுக்கு, அங்க நின்னா சம்பளமாவது வரும்ணே."

மறுநாள் காலை, அண்ணன் கடைக்கதவைத் திறந்த நேரத்தில், அவள் பழைய கடையின் வாசலில் நின்றாள். அண்ணனோடு இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்கு வேறு வழி இல்லை. தையல் பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு, சொல்லி வைத்தாற்போல் மிஷின்மேல் குனிந்துகொண்டார்கள். முதலாளியம்மா மேசைமேல் துணியை விரித்துவிட்டு, மூலையைப் பார்த்து மோவாயை அசைத்தாள்.

"எடுத்துப் போட்டுக்க. அடுத்து வர்றவளுக்குன்னுதானே சொல்லிட்டுப் போன."

கத்திரியக்கா பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து மேசையருகே நிறுத்தி, ஏறினாள். யாரும் கைதட்டவில்லை.