எரிகிறது என்றது செயலி

1

இந்தக் கதையை நானே யோசித்துப் பிடித்தேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். என் வீட்டு மின்விசிறியைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் ஏணி உச்சியில் நின்றபடி சொன்ன கதை இது. விசிறிக்கு அடியிலேயே விளக்கு இருக்கும் வகை அது. ரிமோட்டிலும் போடலாம், பேச்சைக் கேட்கும் ஒரு பெட்டி வழியாகக் கைபேசிச் செயலியிலும் போடலாம். இரண்டும் ஒத்துப்போவதில்லை என்று புலம்பினேன்.

"எப்படி சார் ஒத்துப்போகும்? இந்தப் பெட்டி சொல்லும், விசிறி கேட்டுக்கும். திருப்பிப் பதில் சொல்லத் தெரியாது. அதுவும் ஒரே சிக்னல்தான். அணைஞ்சிருந்தா எரியும், எரிஞ்சா அணையும். நீங்க ரிமோட்ல அணைச்சா பெட்டிக்கு யாரு சொல்றது? அது பாட்டுக்கு எரியுதுன்னு நினைச்சுட்டு இருக்கும்."

"வழியே இல்லையா?"

"ரிமோட்டை ஒளிச்சு வைங்க. ஒரு வீட்ல அப்படித்தான் சொன்னேன்." கொஞ்ச நேரம் எதையோ முடுக்கினார். "சொல்லியிருக்கக் கூடாது."

மீதியை அரைகுறையாகத்தான் சொன்னார். ஓட்டைகளை அடைத்தது நான்.

2

முதல் தொடக்கம்: 'இருண்ட அறையில் ஒரு கிழவர்...' வேண்டாம். கிழவர் என்றதுமே நீங்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள்.

இரண்டாவது: 'அவள் ஒரு கல்நெஞ்சக்காரி.' ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அவள் அதற்கு மசியவில்லை.

சரி, நேராகவே சொல்கிறேன். அவளுக்கு ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. அப்பா பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், அடிக்கடி தலைசுற்றல் வரும். அம்மா இல்லை. அவள் கிளம்பும்போது அப்பா எழுந்திருக்க மாட்டார். பக்கத்துக் கட்டடம் ஜன்னலை அடைத்துவிட்டதால் பகலிலும் அவர் அறைக்கு விளக்கு வேண்டும். எழுந்ததும் மேசைமேல் இருக்கும் பெட்டியிடம் "விளக்கைப் போடு" என்பார். அவள் கைபேசியில் 'எரிகிறது' என்று வரும். அப்பா எழுந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குச் சீராக மூச்சு வரும்.

(காலையிலேயே போட்டுவிட்டுப் போனால் என்ன என்று கேட்பீர்கள். போட்டுவிட்டுப் போனால், எழுந்தாரா இல்லையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?)

3

ஓர் இரவு அப்பா பழக்கதோஷத்தில், படுத்தபடியே ரிமோட்டால் விளக்கை அணைத்தார். பெட்டிக்குத் தெரியாது. மறுநாள் வேலைக்குப் போய்ப் பார்த்தாள். 'எரிகிறது' என்றது செயலி. அவள் நிம்மதியாக ரத்தக் குப்பிகளில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தபோது, அப்பா பக்கவாதம் வந்து குளியலறைத் தரையில் கிடந்தார். மாலைவரை அப்படியே கிடந்தார்.

உயிர் பிழைத்தார். நாக்கு குழறியது, ஒரு கால் இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அவள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள், அவரும் அந்த யோசனையைச் சொன்னார்.

"அப்பா, ரிமோட் இனிமே வேணாம். பெட்டிகிட்டச் சொல்லுங்க, போதும்."

"இது எங்கிட்டயே இருக்கட்டும்மா."

"உங்க நல்லதுக்குத்தான்பா."

அவள் அவர் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கினாள். (பலமுறை மாற்றிவிட்டேன்: பிடுங்கினாள், வாங்கினாள், எடுத்தாள். உண்மையில் அவர் விட்டுவிட்டார்.)

இதில் யாருமே யோசிக்காத ஒன்று இருந்தது. குழறும் நாக்கு பெட்டிக்குப் புரியவில்லை. "மன்னிக்கவும், மீண்டும் சொல்லுங்கள்" என்றது. மீண்டும் சொன்னார். கத்தினார். கடைசியில் மகளுக்கு ஃபோன் செய்தார். அவளோ கையுறை மாட்டி, யாரோ ஒருவரின் நரம்பில் ஊசியோடு நின்றாள். "இதோ போடுறேன்பா" என்றாள். அந்த 'இதோ' சில நாள் மதியம்வரை நீண்டது.

பிறகு அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். செயலியைத் திறக்கவே நேரமில்லாத ஒரு நாள் மாலை அவள் வந்தபோது இருட்டில் உட்கார்ந்திருந்தார், சட்டைப் பொத்தான்கள் மாறிப்போய்.

"எப்பப்பா எழுந்தீங்க?"

"காலைல."

"ஃபோன் பண்ணியிருக்கலாம்ல!"

"நீ யாருக்காவது ஊசி குத்திட்டிருப்பே. கை நடுங்கிடக் கூடாதுல்ல."

அவள் ஓடிப்போய் அலமாரியிலிருந்து ரிமோட்டை எடுத்து வந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நீயே போடும்மா. நான் தொட்டா உனக்குக் கணக்குத் தப்பும்."

அவள் அழுதபடி ரிமோட்டைத் தலையணைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

4

ஒரு முடிவு: 'அப்பா ரிமோட்டை எடுத்து, ஸ்டியரிங் பிடித்த அதே கையால்...' கூசுகிறது. விட்டுவிட்டேன்.

இன்னொரு முடிவில் வேறு விசிறி வாங்கினாள். வாங்கலாம்தான். அடுத்த வாரமோ அடுத்த மாதமோ. ஆனால் நான் சொல்ல வந்தது மறுநாள் காலையைப் பற்றி.

ஆய்வகம். வரிசையில் ஆட்கள். கைபேசியைப் பார்க்கிறாள். 'அணைந்திருக்கிறது.' நேரம் ஆக ஆக அதே சொல்தான். அப்பா ஃபோனை எடுக்கவில்லை.

ரிமோட்டால் அவரே விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தால் செயலிக்குத் தெரியாது. போடாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தாலும் திரையில் இதே சொல்தான் இருக்கும். விழுந்து கிடந்தாலும் இதேதான்.

எலக்ட்ரீஷியனிடம் மீதியைக் கேட்டிருக்கலாம். ஏணியை மடக்கிக்கொண்டிருந்த அவர் முகத்தைப் பார்த்த பிறகு கேட்க வாய் வரவில்லை.

வீடு தூரம். கையுறையைக் கழற்றிவிட்டாள். விரல் செயலியின் பொத்தானுக்கு மேலே நிற்கிறது. அழுத்தினால் இருட்டில் கிடப்பவருக்கு வெளிச்சம் கிடைக்கலாம். அல்லது, இத்தனை நாள் கழித்துத் துணிந்து தானே போட்டுக்கொண்ட விளக்கை, இழுக்கும் காலோடு பாதி அறையைக் கடந்திருப்பவரின் தலைக்கு மேலே, மகளே அணைத்துவிடுவாள்.

நான் இங்கே பேனாவை வைக்கிறேன். அழுத்துவதா வேண்டாமா, நீங்கள் சொல்லுங்கள்.