நாற்பதாம் நாளில் திறந்த கடை

கடைத் திறப்புக்கு மே பதினான்கு என்று தேதி குறித்தவன் மெத்தோடி. செவ்லியேவோ பேருந்து நிலையத்துக்கு எதிரே, காலை ஆறரைக்கு, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு, பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய பனித்சா, முதல் நாள் ருசி பார்க்க இலவசம் என்று துண்டுச் சீட்டு அடித்து ஊரெல்லாம் விநியோகித்துவிட்டு, ஏப்ரல் ஐந்தாம் தேதி மாவு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். நாற்பத்தாறு வயது. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள்.

அன்றிலிருந்து அவன் மனைவி ரும்யானா இடித்த புளி மாதிரி இருந்தாள். அழவில்லை. அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டாள். மறுவாரம் அடுப்புக்காரனைக் கூப்பிட்டுக் கதவு சரியாக மூடவில்லை என்று சண்டை போட்டாள். மாவை விரித்தாள், பாலாடைக்கட்டியை உதிர்த்தாள், சுருட்டினாள், சுட்டாள். ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

செத்தவர் ஆத்மாவுக்காகத் தின்னக் கொடுக்கும் நாற்பதாம் நாள் எது என்று எண்ணிப் பார்த்தவன் மெத்தோடியின் அண்ணன் ஸ்தாமென்தான். ஏப்ரல் ஐந்திலிருந்து எண்ணினால் சொல்லி வைத்தாற்போல மே பதினான்கில் வந்து நின்றது. கடையை ஒரு நாள் தள்ளிப் போடச் சொன்னான். ரும்யானா கேட்கவில்லை. அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"சீட்டுல அவரு போட்ட தேதி அண்ணே. மாத்த எனக்கு உரிமையில்ல."

"அப்ப அவனுக்குச் செய்ய வேண்டியத நான் செய்வேன்," என்றான் ஸ்தாமென். அவனையும் குறை சொல்ல முடியாது. கூடப் பிறந்தவன். செத்தவர் படத்தோடு நாற்பதாம் நாள் அறிவிப்பை வீட்டிலும் வேலையிடத்திலும் ஒட்டாவிட்டால் ஊர் என்ன சொல்லும்? கடைக் கதவில், திறப்பு விழாச் சீட்டுக்குப் பக்கத்திலேயே, கறுப்புக் கரை போட்ட தாளை ஒட்டினான். மெத்தோடி அதில் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆறரைக்குக் கதவைத் திறந்தாள். கூட்டம் வரத்தான் செய்தது. முதலில் வந்த, அவள் முன்பு வேலை பார்த்த தையல் ஆலைத் தோழிகள் பூ கொண்டுவந்தார்கள். எண்ணிப் பார்த்தாள், ஆறு. கடை திறப்புக்கு யாராவது இரட்டைப்படையில் பூ கொடுப்பார்களா? கல்லறைக்குத்தான் கொடுப்பார்கள். வாங்கித் தண்ணீரில் வைத்தாள்.

வந்தவர்கள் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்தார்கள், "ஆண்டவர் அவனை மன்னிக்கட்டும்" என்றார்கள், மென்றுகொண்டே ஓரமாக ஒதுங்கினார்கள். நன்றி சொல்லவில்லை. ஆத்மாவுக்காகக் கொடுப்பதற்கு எவன் நன்றி சொல்வான், எவன் விலை கேட்பான்? தட்டு காலியானதும் விற்பதற்கு வைத்திருந்த தட்டிலும் கை வைத்தார்கள். இது வியாபாரம் என்று இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். பாவம், துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள்தான், அதுதான் கொடுமை.

மேல்மாடியில் குடியிருக்கும் ஸ்வெதானா இரண்டாவது துண்டை எடுத்தபோது ரும்யானா கேட்டேவிட்டாள்.

"நல்லா இருக்காக்கா?"

ஸ்வெதானா மெல்லுவதை நிறுத்தினாள். "என்னடி கேக்குற? செத்தவனுக்குக் குடுக்குறதுல போயி நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்லலாமா?"

ரும்யானாவுக்குக் கோபம்கூட வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது. இரண்டு வருஷம் இருவரும் ராப்பகலாகத் திட்டம் போட்ட கடை இது. இன்றைக்கு யாராவது ஒருவர், ஒரே ஒருவர், பசிக்கு வந்து காசு கொடுத்துத் தின்றால்தான் அவன் சொன்ன தேதியில் கடை திறந்ததாக ஆகும். இல்லாவிட்டால் இது கருமாதிச் சோறு. அவ்வளவுதான்.

பத்து மணிக்குள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினார்கள். ஸ்தாமென் மட்டும் அவளை அழைத்துப்போக வாசலில் காத்திருந்தான். அடுப்பில் கடைசித் தட்டு ஒன்று வெந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் வார்னா பேருந்தின் ஓட்டுநர் சாலையைக் கடந்து ஓடிவந்தான். வெளியூர்க்காரன். அவசரத்தில் கதவில் ஒட்டியதை எங்கே பார்த்தான்?

"ஒண்ணு குடுங்கம்மா. சூடா இருக்கா? எவ்வளவு?"

விலையைச் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவது போலிருந்தது. அவன் காசை வைத்துவிட்டு, நின்றபடியே கடித்தான். மாவுத் துணுக்குகள் சட்டையெல்லாம் உதிர்ந்தன.

"அடேயப்பா. அடிப்பக்கம் என்னமா மொறுமொறுன்னு இருக்கு. இன்னொண்ணு கட்டுங்க. நாளைக்கும் இதே நேரம் வருவேன், ரெண்டு எடுத்து வச்சிடுங்க. மறந்துடாதீங்க, பத்து நிமிஷந்தான் வண்டி நிக்கும்."

கட்டிக் கொடுத்தாள். அவன் போனான். ரும்யானாவின் முகம் நாற்பது நாளில் முதல்முறையாக மலர்ந்தது. காசைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்பு அறைப் பக்கம் திரும்பி, வாய் நிறையக் கூப்பிட்டாள்.

"மெத்தோடி, ஒருத்தன் நாளைக்கும் வரேன்னுட்டுப் போறான்யா!"

உள்ளே அடுப்பின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பதில் வராது, இனி ஒருநாளும் வராது என்பது அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. மாவு சிந்திய தரையில் உட்கார்ந்து, ஊர் கேட்க அழுதாள்.

அடுப்பிலிருந்த தட்டை ஸ்தாமென்தான் வெளியே எடுத்தான்.