ஆறு வருஷம் சொன்ன சாட்சி

அன்பான சகோதரிகளே, எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? மழை விட்டும் விடாமலும் பெய்கிறது, முட்டுவலிக்காரர்கள் எப்படி இருக்கிறீர்கள்? பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? கர்த்தருடைய கிருபையால் நான் நன்றாக இருக்கிறேன். சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அது போன வாரம் கல்யாண வீட்டில் லட்டு தின்றதால் வந்தது, அந்தப் பழியை யார் தலையிலும் போட மாட்டேன்.

நம்முடைய பெண்கள் சங்கப் பத்திரிகைக்கு ஒரு சாட்சி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். சாட்சி என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். எனக்குச் சுருக்கிச் சொல்லத் தெரியாது.

1997-ல் நாங்கள் மலையாளத்துப் பட்டணத்தில், ஆரியசாலையில் கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் மிளகாய் வத்தல் மொத்தக்கடையில் வேலை பார்த்தார். அவர் சட்டையைத் துவைத்தால் அன்று முழுவதும் எனக்குத் தும்மல்தான். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, யாராவது ஒருத்தி வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு, ஜெபம், சாட்சி, அப்புறம் சாயாவும், பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும். அந்தக் கூட்டத்தில் என் சாட்சிக்குத் தனி மவுசு. புதிதாக யார் வந்தாலும், "சொர்ணக்கா, உங்க சாட்சியைச் சொல்லுங்க" என்று என்னைத்தான் எழுப்பி விடுவார்கள்.

சாட்சி இதுதான். என் வயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. டாக்டர் கத்தி வைத்தே ஆக வேண்டும் என்றார். நான் மூன்று நாள் உபவாசம் இருந்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் ஒரு வெளிச்சம் வந்தது, வயிற்றுக்குள் சூடு பரவியது, மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கட்டியைக் காணோம்.

இதில் கட்டி இருந்தது மட்டும் உண்மை. டாக்டர் சொன்னதும் உண்மை. மீதியெல்லாம் நான் சேர்த்தது.

நடந்தது என்னவென்றால், 1991-ல் நான் நாகர்கோவிலில் என் அக்கா வீட்டுக்குப் போய் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் செய்துகொண்டேன். ஒன்றரை மாதம் அக்காதான் கஞ்சி ஊற்றிப் பார்த்தாள். திரும்பி வந்த முதல் செவ்வாய்க்கிழமை எழுந்து நின்று, "வயித்துல கட்டி இருந்துச்சு, கர்த்தர் சுகம் தந்தார்" என்று மட்டும்தான் சொன்னேன். அதில் பொய் இல்லை. பின்னாலிருந்து ஒருத்தி, "ஆப்பரேசன் இல்லாமலேயா சொர்ணம்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அறை முழுவதும் "ஸ்தோத்திரம்! அல்லேலூயா!" என்று முழங்கிவிட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் என்னை வேறு ஒரு வீட்டுக்குச் சாட்சி சொல்லக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்புறம் எங்கே சொல்வது? ஒரு வருஷம் சூடு வந்தது, மறுவருஷம் வெளிச்சம் வந்தது, அதற்கடுத்து ஸ்கேன்.

வீட்டுக்காரர் கேலி செய்வார். "இந்த வருஷம் டாக்டர் மயக்கம் போட்டு விழுந்தாரா, இல்லே அதை அடுத்த வருஷத்துக்கு வச்சிருக்கியா?" ஒருநாள் கேலி இல்லாமலே கேட்டார்: "நீ புளுகித்தான் உன் கர்த்தருக்குப் பேர் வாங்கிக் குடுக்கணுமாட்டி?" இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் சபையாரோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்லுவேன். அப்போதெல்லாம் இது நினைவுக்கே வராது. நான் இதைப் பாவமென்று நினைத்தால்தானே? ஊழியம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது வீட்டு நாச்சியார் தன் தங்கச்சியைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தாள். நாச்சியார் நம்முடைய சபை இல்லை. பாட்டு பிடிக்கும் என்று வந்து உட்காருவாள். தங்கச்சி பெயர் இசக்கிசெல்வி. போனக்காடு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள், முப்பத்தைந்து வயது இருக்கும். உதட்டில் ரத்தமே இல்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் வயிற்றில் கட்டி. மறுநாள் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன்.

கேட்கவேண்டுமா? என்னை எழுப்பினார்கள். நானும் அன்றைக்கு ரொம்ப உற்சாகமாகச் சொன்னேன். "கத்தி படாத உடம்பாக்கும் இது!" என்று புதிதாக ஒரு வரியும் சேர்த்தேன். அவள் கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயா குடிக்கும்போது என் கையைப் பிடித்தாள். "அக்கா, ஒரு சின்னக் கீறல்கூட இல்லியா?"

"இல்ல பிள்ளே" என்றேன்.

மறுநாள் காலை பத்து மணி. நான் அடுக்களைப் பின்பக்கம் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். நாச்சியார் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சொர்ணக்கா, அவ போயிட்டா! அம்மாவையும் கூட்டிட்டு தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டா. சொர்ணக்காவுக்கு நடந்தது எனக்கும் நடக்கும், எனக்குக் கத்தி வேண்டாம்னு ஒரே பிடி. போன மாசம் போன மாதிரி இன்னொரு தடவை ரத்தம் போச்சுன்னா ஆளு தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரேக்கா! பன்னெண்டு மணிக்குள்ள போகலேன்னா பெட்டை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, நீங்க சொன்னா கேப்பா" என்று அழுதாள். அவளை மெடிக்கல் காலேஜில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, மீனை அப்படியே போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

"எவிடே போணும் சேச்சீ?" என்றான் ஆட்டோக்காரன்.

"தம்பானூர் பஸ் ஸ்டாண்டு. வேகம் போ மோனே."

ஆட்டோவில் நான் ஜெபம் செய்துகொண்டு போனேன் என்று நினைக்காதீர்கள். எப்படிச் சமாளிக்கலாம் என்று யோசித்துக்கொண்டுதான் போனேன். கிள்ளிப்பாலம் தாண்டுவதற்குள் ஒரு வழியும் கிடைத்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் இசக்கிசெல்வியும் அவள் அம்மா உலகம்மையும் ஒரு துணிப்பையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போனக்காடு பஸ் வந்து நின்றிருந்தது, டிரைவர் இன்னும் ஏறவில்லை. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "பிள்ளே, இன்னைக்குக் காலையில ஜெபத்துல கர்த்தர் எங்கிட்டப் பேசினாரு. நீ ஆப்பரேசனுக்குப் போணும்னு சொன்னாரு" என்றேன். பார்த்தீர்களா? ஒரு பொய்யை மூட இன்னொரு பொய். அதுவும் யார் பெயரில்!

இசக்கிசெல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குக் கத்தி இல்லாம சொகம் குடுத்தவரு, எனக்கு மட்டும் ஏன்க்கா கத்தியைச் சொல்லுதாரு? நான் வேற சாமி கும்பிடுதேன்னா?"

அவள் குத்திக் கேட்கவில்லை சகோதரிகளே. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லாத ஒரு கர்த்தரை, ஆள் பார்த்து ஓரவஞ்சனை செய்கிற ஒருவரை, நான் ஆறு வருஷமாகச் செய்து வைத்திருந்தேன். அவரைத்தான் இவள் நம்பிவிட்டு, இப்போது தன்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்று கண் கலங்குகிறாள்.

"கர்த்தர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலே. நான் புளுகினேன்" என்றேன். "இப்ப சொன்னதும் புளுகு, நேத்து சொன்னதும் புளுகு. எனக்கு ஆப்பரேசன் நடந்துது பிள்ளே."

உலகம்மை கிழவிக்கு நம்பிக்கை வரவில்லை. "எம்மவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு நாச்சியா சொல்லிக் குடுத்து விட்டாளாக்கும்? நேத்து ஊர் கூட்டிச் சொன்னீங்க, இன்னைக்கு இல்லைங்கீங்க. எதைத்தாம்மா நம்புறது?"

ஆறு வருஷம் பொய்யை நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் நம்ப ஆள் இல்லை. டிரைவர் பஸ்ஸில் ஏறி ஹார்ன் அடித்தான்.

"வாங்க" என்று இரண்டு பேர் கையையும் பிடித்துப் பெண்கள் காத்திருக்கும் அறைக்குள் இழுத்துப் போனேன். மூலையில் ஒரு மலையாளத்து அம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கொசுவத்தைத் தளர்த்தினேன். "என்னம்மா பண்ணுதீங்க!" என்று பதறிய உலகம்மை, அடுத்த நிமிஷம் தன் முந்தானையை விரித்து எனக்கு மறைப்புக் கட்டினாள். தொப்புளுக்குக் கீழே ஒரு ஜாண் நீளத்துக்குத் தழும்பு. தையல் போட்ட தடம்கூட அப்படியே இருக்கும். கிழவி குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"அட பாவி! நல்லாத் தச்சிருக்கானே!" என்றாள். அப்புறம்தான் கோபம் வந்தது. "சாமி பேரைச் சொல்லி இப்படியுமா புளுகுவாக? எம்பிள்ளை செத்திருப்பாளே, செத்திருப்பாளே!" மலையாளத்து அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சேலையைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சிரு பிள்ளே" என்று மட்டும் சொன்னேன்.

இசக்கிசெல்வி பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு, "உங்களுக்குப் பயமா இருந்துச்சாக்கா?" என்றாள்.

"இருந்துதே! மயக்க ஊசி போடக் கொண்டு போகும்போது பல்லு கிட்டிப்போச்சு. ஜெபம்கூட வரலே. இயேசப்பா, இயேசப்பான்னு ரெண்டு தடவை சொன்னேன், அவ்வளவுதான். ஒரு நர்ஸ் பிள்ளை என் கையைப் பிடிச்சிக்கிட்டு நின்னா. கண்ணு முழிச்சப்பவும் யாரோ கையைப் பிடிச்சிருந்தாங்க, பாத்தா எங்க அக்கா."

"வலிச்சுதா?"

"மூணு நாளு நல்லா வலிக்கும். நாலாம் நாளு எழுந்து நடக்கலாம். இருமினாத்தான் உயிர் போகும், தலையணையை வயித்துல அமுக்கிக்கிட்டு இருமணும்."

அவள் என்னைப் பார்த்துச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "நேத்து இதைச் சொல்லியிருந்தீங்கன்னா நான் தைரியமாப் போயிருப்பேனேக்கா."

போனக்காடு பஸ் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் ஆட்டோ பிடித்து மெடிக்கல் காலேஜுக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. பெட் இருந்தது. ஸ்தோத்திரம்.

வெள்ளிக்கிழமை காலை ஆப்பரேஷன் தியேட்டர் வெளி வராந்தாவில் நானும் உலகம்மையும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னோடு பேசவில்லை, ஆனால் எழுந்து போகச் சொல்லவும் இல்லை. உள்ளே இசக்கிசெல்விக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான்தானே அவளைக் கொண்டு வந்து விட்டவள் என்ற பயம் வேறு. ஜெபம் செய்யக் கண்ணை மூடினேன். வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, நான் புளுகி. உம்ம பேரை வச்சு எனக்குப் பேர் வாங்கிக்கிட்டேன். இந்தப் பிள்ளையை எனக்காகத் தண்டிச்சிராதேயும்" என்று சொன்னேன். வெளிச்சம் வரவில்லை, சூடும் வரவில்லை. பினாயில் நாற்றம்தான் வந்தது. ஆனால் மனதுக்குள் ஒரு இறுக்கம் விட்டுப்போனது. ஆறு வருஷம் தேடி வைத்த மரியாதை போனது எனக்குக் கனமாகவே இல்லை. அவருக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியும், தெரிந்துதான் என்னோடு இருந்திருக்கிறார் என்று புரிந்தபோது, அந்த வராந்தாவில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அழுதேன். உலகம்மை தன் சொம்பிலிருந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

ஒரு மணிக்கு நர்ஸ் வந்து, எல்லாம் நன்றாக முடிந்தது என்றாள். கிழவி இசக்கியம்மனைக் கூப்பிட்டாள், நான் இயேசப்பாவைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டத்தில், யாரும் எழுப்பாமல் நானே எழுந்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். கூட்டத்துக்கு வரும் தங்கபாய், "அப்போ அந்த வெளிச்சம்?" என்று கேட்டாள்.

"தியேட்டர் லைட்டு" என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் இனிமேல் அப்படி எழுதமாட்டேன். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். அதில் ஒருத்தி ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. தன் மகளுக்கு என் சாட்சியைச் சொல்லித்தான் மாத்திரையை நிறுத்தி, பிறகு வேறு வழியில்லாமல் மறுபடி தொடங்கினாளாம். அவள் கோபம் நியாயம். நான் அவள் வீட்டுப் படியேறி மன்னிப்புக் கேட்டேன், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

போதகரிடம் போய், "அய்யா, இந்த மாசம் நற்கருணைக்கு வரலே. கொஞ்ச நாள் தள்ளி இருக்கேன்" என்றேன்.

"எதுக்கு?"

"யோக்கியதை இல்லியே அய்யா."

"யோக்கியதை இருக்குன்னு நெனச்சு ஆறு வருஷம் வந்தீங்களே, அப்பத்தான் நான் தடுத்திருக்கணும்" என்று சிரித்தார். "பேசாம வாங்கம்மா."

போனேன். முழங்காலில் நின்று கையை நீட்டினேன். உள்ளங்கையில் அப்பம் விழுந்தது. அதுவரைக்கும் கர்த்தரை நான் ஒரு விருந்தாளி மாதிரியே வைத்திருந்தேன். நல்ல டம்ளரை எடுத்து வைத்து, நல்ல பேச்சாகப் பேசி. அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டு ஆள். அடுக்களையில் நின்று மீன் ஆயும்போதும் பேசுகிறேன், கோபம் வந்தால் அதையும் சொல்கிறேன். பேசாமலும் இருக்கிறேன், அதுவும் சுகமாகத்தான் இருக்கிறது. நான் ஒளிக்க ஒன்றும் இல்லாதபோது அவர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வேன்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சபைப் பக்கம் அதிகம் வராத என் வீட்டுக்காரர் நான் கேட்காமலே சட்டை போட்டுக்கொண்டு என்னோடு சபைக் கோயிலுக்குப் புறப்பட்டு நின்றார். என் கண்ணுக்கு அதுவே போதும்.

இசக்கிசெல்வி ஆறு மாதத்தில் மறுபடி கொழுந்து பறிக்கப் போனாள். அவள் நம்முடைய சபைக்கு வரவில்லை, நானும் வா என்று இழுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து எஸ்டேட்டில் ஒரு பெண்ணுக்கு இதேபோல ஆப்பரேஷன் என்றபோது, அவளை அழைத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள். "அக்கா, உங்க தழும்புக் கதையை இவளுக்குச் சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க, இருமறது உட்பட" என்றாள். சொன்னேன். கர்த்தர் என் பொய்யையும் மன்னித்து, என் தழும்பையும் இப்படி ஒரு வேலைக்கு வைத்துக்கொண்டாரே என்று நினைக்கும்போது நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை.

சகோதரிகளே, உங்களுக்கும் இதுபோல நடந்தது இருக்கும். எந்த இடத்தில் தவறினீர்கள், அவர் எப்படித் தூக்கிவிட்டார் என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். நடந்தது நடந்தபடி எழுதுங்கள். பயந்தது, அழுதது எல்லாவற்றையும் எழுதுங்கள். டாக்டர் இருந்தால் டாக்டரையும் விட்டுவிடாதீர்கள். வாசிக்கக் காத்திருக்கிறேன்.