பூனைக்கண் டெய்லரின் அண்ணன்

அப்பாவின் இமைகளை மகள் இன்னொரு தரம் தடவி மூடிக்கொண்டிருந்தபோது பெரியப்பா வாசலில் வந்து நின்றார். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு. மூச்சு இரைத்தது. கையில் ஒரு பழுப்பு உறை.

"எப்போம்மா?"

"காலையில பெரியப்பா. ஒன்பது மணி இருக்கும்."

அவர் படி ஏறவில்லை.

அப்பாவுக்குச் சாம்பல் கண். பூனைக்கண் டெய்லர் என்றால்தான் தெருவில் தெரியும். அளவு கொடுக்க வந்தவர்கள், "இந்தக் கண்ணு எங்கருந்து டெய்லரே?" என்று கேட்டால் போதும், உதட்டில் குண்டூசியைக் கவ்வியபடியே அளந்துவிடுவார். ஒரு நாள் கப்பல்காரப் பாட்டன். மறுநாள் குதிரை வியாபாரி. தையல் மிஷினுக்கடியில் வெட்டுத்துணி பொறுக்கிக்கொண்டிருந்த மகள் எல்லாவற்றையும் நம்பினாள்.

பிறகு ஒரு கல்யாண வீட்டில், எல்லார் முன்னாலும், பெரியப்பா கேட்டார்: "நம்ம வீட்ல யாருக்கும் இல்லாத கண்ணு உனக்கு மட்டும் எப்படிடா?"

அவர்களைப் பெற்றவளைச் சொன்ன வார்த்தை அது. அப்பா இலையில் கை வைக்காமல் எழுந்தார். அதோடு போக்குவரத்து நின்றது.

போன வருஷம், யார் யார் எங்கிருந்து வந்து குடியேறினார்கள் என்று ஆராய்கிறவர்கள் வந்து மரபணு பார்க்க எச்சில் வாங்கிப் போனார்கள். அப்பா உற்சாகமாகத் துப்பிக் கொடுத்தார். பெரியப்பாவும் கொடுத்திருந்தது இப்போதுதான் தெரிந்தது.

"ஆயிரக்கணக்கான வருஷமா கூட்டம் கூட்டமா ஆளுங்க வந்து கலந்திருக்காங்களாம்" என்றார், உறையைப் பிரிக்காமலே. "அதுல எவனோ கொண்டுவந்த கண்ணு. எங்கப்பாகிட்டயும் இருந்துச்சாம், அம்மாகிட்டயும் இருந்துச்சாம், வெளியே தெரியாம. என் ரத்தத்துலயும் ஓடுதாம்." தொண்டையைச் செருமினார். "ஒரே அப்பா, ஒரே அம்மான்னு எழுதியே குடுத்துட்டாங்க. அவன்கிட்ட காட்டணும்னு முதல் பஸ்ஸுல கிளம்பினேன்."

மகள் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"உங்க சட்டை அளவு அப்பாவுக்கு மனப்பாடம் பெரியப்பா. இந்நேரம் அண்ணனுக்குத் தொப்பை போட்டிருக்கும், ரெண்டு அங்குலம் கூட்டணும்பார்."

பெரியப்பா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

கூடத்து பெஞ்சில் ஏற்கெனவே ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்தவர் அவரைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரை முழங்கையால் தொட்டார். அவர் அடுத்தவரைத் தொட்டார். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்ததில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்தது.