கிழவனுக்குப் பிடிக்காத பெயர்

சிவநஞ்சப்பாவின் கடை என் மருந்துக் கடைக்கு நேர் எதிரே. பிளெக்ஸ் பேனர் அடித்துக் கொடுக்கிற கடை. நடுவே மளவள்ளி கடைவீதி ஓடினாலும், அங்கே தும்மினால் இங்கே கேட்கும். அதனால் நான் சொல்லப்போவது எதுவும் யாரோ சொல்லிக் கேட்டதல்ல.

அவருக்குக் கடையை விடப் பெரிய வேலை ஒன்று உண்டு. எங்கள் ஊர்க் கன்னட சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். போன வருஷம் வீதியில் ஒரு இங்கிலீஷ் போர்டு விடாமல் மாற்ற வைத்தார். சங்கத் தலைவர் மாரிகௌடர் வைத்திருந்த ஹார்டுவேர் கடையைக்கூட விடவில்லை. ஹார்டுவேருக்குக் கன்னடத்தில் என்ன சொல்வதென்று அவரே யோசித்து, "கடிண சாமக்ரி பண்டார", அதாவது கெட்டிச் சாமான் களஞ்சியம், என்று எழுதிக் கொடுத்தார். போர்டு ஏறிய மறுநாளிலிருந்து கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து, அண்டாவும் குண்டாவும் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். கௌடர் அதை மறக்கவில்லை.

இந்த ஆயுத பூஜைக்குக் கடையில் யாரோ கம்ப்யூட்டர் மீது மஞ்சள் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்துவிட்டார்கள். புகை வந்தது. ஊதுவத்திப் புகை என்று நினைத்து எல்லாரும் கும்பிட்டார்கள். அப்புறம்தான் நாற்றம் வேறு மாதிரி இருப்பது தெரிந்தது.

மைசூரில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பழையதில் இருந்த ஃபைல்களையும் காப்பாற்றிக் கொண்டுவந்தார். வாங்கும்போது கடைக்காரன் பின்னாலேயே நின்றிருக்கிறார். "எல்லாம் கன்னடத்துல வரணும். ஒரு எழுத்து இங்கிலீஷ் இருந்தாலும் வண்டியில ஏத்த மாட்டேன்." திரையில் வருகிற ஒவ்வொரு சொல்லும் கன்னடம். சொந்தக்காரர் பெயர் கேட்கிற இடத்திலும் 'கன்னடிக சிவநஞ்சப்பா' என்று கன்னட எழுத்தில் அடிக்க வைத்தார். வீட்டுக்கு வந்ததும் அதைப் படம் எடுத்து ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எனக்கே இரண்டு முறை வந்தது.

தலைவலி தாட்சாயிணிக்குத்தான் வந்தது. கடையின் டிசைனர் அவள். பல வருஷமாக ஒரே ஒரு பழைய சாப்ட்வேரில் படம் போட்டுப் பழகியவள். அந்த சாப்ட்வேருக்குக் கடையில் 'கிழவன்' என்று பெயர். புதுக் கம்ப்யூட்டரில் சி.டி. போடுகிற வாயே இல்லை. வெளியே மாட்டுகிற ஒன்றை வாங்கி வந்து கிழவனை ஏற்றினாள். ஏறிவிட்டான். ஆனால் எழுப்பினால், ஆரம்பப் படத்தை ஒரு நிமிஷம் காட்டிவிட்டுக் காணாமல் போய்விடுவான்.

"அண்ணா, கிழவன் மூஞ்சியக் காட்டிட்டு ஓடிப்போறான்."

"வயசாயிடுச்சுல்ல, மெதுவாத்தான் எழுந்திருப்பான். இன்னொரு தரம் தட்டும்மா."

"தட்டித் தட்டி என் விரல்தான் தேஞ்சுது. புது சாப்ட்வேர் வாங்கிடலாம்ணா."

"ராஜ்யோத்சவ பிளெக்ஸ் ஃபைல் புதுசுல திறக்குமா?"

தாட்சாயிணி மறுபடி கிழவனைத் தட்டினாள். திறக்காது என்று அவளுக்குத் தெரியும். கர்நாடகம் உருவான நாளான நவம்பர் ஒன்றாம் தேதிக்கு பஸ் ஸ்டாண்டில் கட்டுகிற சங்கத்து பிளெக்ஸ் அது. அதில் நிர்வாகிகள் அத்தனை பேர் முகமும் இருக்கும். யார் முகம் எந்த வரிசையில், எவ்வளவு பெரிசு என்று போன வருஷம் அடிதடிக்குப் போய், கடைசியில் டி.வி.எஸ். ஏஜென்சிக்காரர் வீட்டில் பிரியாணி போட்டு சமாதானம் ஆகியிருந்தது. அந்த சமாதானம் அப்படியே அந்த ஃபைலுக்குள் இருக்கிறது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தால் பிரியாணியோடு முடியாது.

மைசூரில் ஒரு மெக்கானிக்கைப் போனில் பிடித்தார்கள். அங்கிருந்தே இந்தத் திரையைப் பார்த்துச் சரிசெய்கிறவன். பார்த்ததும் அவன் முதலில் கேட்டது, "மேடம், இது என்ன பாஷை?"

"கன்னடம்தான் சார்."

"நானும் கன்னடக்காரன்தான் மேடம். எனக்கே ஒண்ணும் புரியலையே. வலது பக்கம் கிளிக் பண்ணுங்க. நிர்வாஹகரா ஓட்டுன்னு வருதா?"

சிவநஞ்சப்பா குனிந்து பார்த்தார். நிர்வாஹகர் என்பது எங்கள் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் சீட்டுக்கு மேலே எழுதியிருக்கிற சொல். "ஏம்ப்பா, என்னைக் கண்டக்டரா ஓட்டச் சொல்லுது. கண்டக்டர் எங்கேயாவது வண்டி ஓட்டுவானா?"

"அட்மினிஸ்ட்ரேட்டர் சார் அது. ஓட்டுங்க."

ஓட்டினார்கள். கிழவன் முகத்தைக் காட்டினான், போய்விட்டான்.

"அப்ப சாலகனைத்தான் பார்க்கணும்," என்றான் மெக்கானிக்.

"கண்டக்டர் சரியில்லைன்னா டிரைவரா?" சிவநஞ்சப்பா என் கடைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "கேட்டீங்களா, என் கடையில டெப்போவே நடக்குது!"

கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தார்கள். அது போதாதென்று, பழைய காலத்துக் கம்ப்யூட்டரில் இருப்பதாகக் கிழவனை நம்ப வைக்கிற ஒரு வசதியையும் போட்டுப் பார்த்தார்கள். எழுத்துருக்களைப் பாதியாகக் குறைத்தார்கள். இல்லாத பிரிண்டர் ஒன்றை இருப்பதாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி ஏற்றினார்கள். மெக்கானிக் களைத்துப்போய், "சாப்ட்வேருக்கும் ஆயுசுன்னு ஒண்ணு இருக்கு சார்," என்று இரங்கல் செய்தி மாதிரி சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

இதற்கிடையில் சிவநஞ்சப்பாவின் மனைவி சாரதம்மாவுக்கு வேறொரு காரியம் இருந்தது. வீடு கடைக்கு மேல் மாடி. அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். புருஷனுக்குத் தெரியாது. சிவநஞ்சப்பா கார் வாங்கி இரண்டு வருஷம், உறை போட்டு மூடி, ஞாயிற்றுக்கிழமை உறையைத் துவைப்பதோடு சரி. எல்.எல்.ஆர். முன்பே வாங்கியாகிவிட்டது. லைசென்ஸ் கொடுக்கும் நாளில் கேட்கிற கேள்விகளைப் போட்டுப் பார்க்க அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். புருஷன் சங்கத்துக் கூட்டத்துக்குப் போனதும் கீழே இறங்கி வந்தார்.

"தாட்சா, இதுல நான் பார்க்கிறது அவர் கண்ணுல படக் கூடாது. வழி இருக்கா?"

"உங்க பேர்ல கம்ப்யூட்டருக்குள்ள தனி அறை போட்டுத் தரேன்க்கா. பாஸ்வேர்டு வெச்சுக்குங்க. பிரம்மாவாலயும் திறக்க முடியாது."

அவசரத்தில் கன்னட விசைக்கு மாற்ற மறந்து, இங்கிலீஷ் எழுத்தில் 'சாரதா' என்று அடித்து அறையைத் திறந்துவிட்டாள். அம்மா சிவப்பு விளக்கு, மஞ்சள் கோடு என்று ஒரு மணி நேரம் படித்துவிட்டு மாடிக்குப் போனார். தாட்சாயிணி அதே அறையில் இருந்துகொண்டே, பழக்க தோஷத்தில் கிழவனைத் தட்டினாள்.

கிழவன் எழுந்தான். மூஞ்சியைக் காட்டினான். ஓடவில்லை. ஜன்னல் திறந்து, கருவிகளெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

அவள் போட்ட கூச்சலில் நான் பாராசிட்டமாலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மாடியிலிருந்து சாரதம்மாவும் வந்தார். சிவநஞ்சப்பாவின் அறைக்குப் போனால் கிழவன் ஓடுகிறான், சாரதம்மாவின் அறைக்கு வந்தால் உட்காருகிறான். தாட்சாயிணி நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு கன்னட எழுத்தில் தன் பெயரிலேயே ஓர் அறை போட்டுப் பார்த்தாள். அங்கேயும் ஓட்டம்தான்.

"பேரு! பேருதான்க்கா!" என்றாள். "ஒவ்வொருத்தர் பேர்லயும் உள்ள ஒரு அறை இருக்கும். கிழவன் எழுந்ததும் அங்க போய் மூட்டைய வைக்கணும். கதவுல கன்னடத்துல பேரு எழுதியிருக்கு. அவன் அந்தக் காலத்து ஆளு, இங்கிலீஷ் எழுத்து தவிர வேற எதுவும் தெரியாது. கதவு தெரியாம முழிச்சு, அங்கேயே சாகறான்."

"அப்ப அவர் பேரை இங்கிலீஷ்ல மாத்திடேன்."

"மேல பேரை மாத்தினாலும் கதவுல பழைய பேரே நிக்கும்க்கா. புதுசா வேற அறைதான் போடணும்."

சாரதம்மா திரையில் இருந்த தன் பெயரைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "வேற அறை எதுக்கு? என்னோடதே இருக்கட்டும். அவர்கிட்ட காரணம் சொல்லாதீங்க. ரெண்டு பேரும்தான்."

அன்று சாயங்காலம் சிவநஞ்சப்பாவிடம் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: அம்மா கை வைத்ததும் கிழவன் எழுந்துவிட்டான். அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அவ கை ராசி அப்படி! கல்யாணத்தப்பவே சொன்னாங்க."

அதிலிருந்து தினமும் காலையில் சாரதம்மா இறங்கி வந்து பாஸ்வேர்டு போட்டால்தான் கடையில் வேலை ஓடும். இங்கிலீஷ் பெயர் தெரிகிற அந்த ஒரு நொடி, தாட்சாயிணி திரைக்கு முன்னால் நின்று புடவைத் தலைப்பை உதறுவாள். மத்தியானம் சிவநஞ்சப்பா சாப்பிட மாடிக்கு வந்தால், "ராகி முத்தே அடுப்புல இருக்கு, சாறு பாத்திரத்துல இருக்கு. எடுத்துப் போட்டுக்குங்க. எனக்குக் கடையில வேலை இருக்கு," என்று அம்மா இறங்கிவிடுவார். ராகிக் களியை வழிக்கத் தெரியாமல் அவர் கை சுட்டுக்கொண்டு, என்னிடம் களிம்பு வாங்க வந்தார்.

ஒருநாள் அம்மாவைக் காணோம். ஆர்டர்கள் குவிந்து கிடக்க, சிவநஞ்சப்பா கடை வாசலில் கூண்டுப் புலி மாதிரி நடந்தார். மூன்று மணிக்கு அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"எங்க போயிட்டே? ஒரு கடையே படுத்துக் கிடக்கு!"

"மண்டியாவுக்கு. லைசென்ஸ் வாங்கிட்டேன். எட்டு போட்டேன், ஒரு குச்சி சாயல."

சிவநஞ்சப்பா வாயைத் திறந்தார். பிளெக்ஸ் வேலை மிச்சமிருப்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூடிக்கொண்டார். "நல்லது," என்றார். "பாஸ்வேர்டு போட்டுட்டுப் போ."

ராஜ்யோத்சவத்துக்கு நாலு நாள் இருக்கையில் மாரிகௌடர் வந்தார், தன் முகம் போன வருஷ அளவில்தான் இருக்கிறதா என்று பார்க்க. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய் வந்தது. கம்ப்யூட்டர் திரும்ப எழுந்தது. தாட்சாயிணி டீ வாங்கப் போயிருந்தாள். தலைப்பை உதற ஆளில்லை. திரை நடுவில் சாரதாவின் பெயர் இங்கிலீஷ் எழுத்தில், கொட்டை கொட்டையாக.

கௌடர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு வீதிக்கு வந்து நின்று சத்தம் போட்டார். "எல்லாரும் வாங்கய்யா! நம்ம செயலாளர் கடையில நடக்கிற கூத்தைப் பாருங்க! என் கடையை அண்டா வாடகைக் கடையாக்கினாரே, அவர் வீட்டுக்குள்ள இங்கிலீஷ் குடித்தனம் நடக்குது!"

சங்கத்துக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள். சிவநஞ்சப்பா திரையைக் காட்டிக் கத்தினார். "தாட்சாயிணி, என்னம்மா இது?"

டீயோடு வந்தவள் வேறு வழியில்லாமல் அறை, கதவு, மூட்டை எல்லாவற்றையும் சொன்னாள். கை ராசி இல்லை என்று தெரிந்ததில் சிவநஞ்சப்பாவுக்கு வருத்தமா, தன் பெயர்தான் குற்றவாளி என்பதில் வருத்தமா, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"உன் பேரு அவனுக்கு ஆகல, அவ்வளவுதான் குரு," என்று கௌடர் சிரித்தார்.

சிவநஞ்சப்பா விடவில்லை. "உங்க பேரு ஆகுமா? தாட்சாயிணி, கௌடர் பேர்ல ஒரு அறை போடு. கன்னடத்துல."

போட்டாள். கிழவன் மூஞ்சியைக் காட்டிவிட்டு ஓடினான். கௌடரின் சிரிப்பு நின்றது. "அவன் யாருய்யா என் பேரை வேணாம்னு சொல்ல? நான் தலைவர்!"

அப்புறம் பொருளாளர் தன் பெயரைப் போடச் சொன்னார். துணைத் தலைவர் தன் பெயரில் கூட்டெழுத்தே கிடையாது, சுலபமாக இருக்கும் என்றார். ஒருத்தர் கன்னடத்தாய் பெயரையே போட்டுப் பார்க்கலாம் என்றார். கிழவன் யாரையும் மதிக்கவில்லை. பெயரே வேண்டாம், 'ஒன்று' என்று எண்ணைப் போட்டுவிடலாம் என்று பொருளாளர் சமாதானம் சொல்ல, "இங்கிலீஷ் எண்ணா, கன்னட எண்ணா?" என்று துணைத் தலைவர் சண்டைக்கு வந்தார்.

படியில் உட்கார்ந்து இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த சாரதம்மா எழுந்து வந்தார்.

"முடிஞ்சுதா? இப்ப நான் பேசறேன். இந்தக் கிழவன் என் அறையிலதான் உட்காருவான். பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டுல பிளெக்ஸ் வேணுமா, வேணாமா?"

வேணும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"அப்ப முதல் வரிசையில என் முகம் வரணும். இத்தனை வருஷமா இத்தனை மீசை இருக்கு, ஒரு பொம்பளை முகம் இல்ல. கன்னடம் என்ன, ஆம்பளைங்க மட்டுமா பேசறீங்க?"

"முதல் வரிசையில இடமே இல்லையேம்மா," என்றார் கௌடர்.

"உங்களைக் கொஞ்சம் ஒல்லியாக்கினா இடம் வரும்."

சிவநஞ்சப்பா மனைவியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியாகக் கௌடரைப் பார்த்தார். கௌடர் ஒல்லியாகப் போகிறார் என்பது அவருக்குக் கொஞ்சம் தெம்பு தந்திருக்க வேண்டும். "செயலாளரா நான் ஒத்துக்கறேன்," என்றார்.

நவம்பர் ஒன்றாம் தேதி மஞ்சளும் சிவப்புமாக பிளெக்ஸ் ஏறியது. முதல் வரிசையில், கௌடருக்கும் சிவநஞ்சப்பாவுக்கும் நடுவே சாரதம்மா. தாட்சாயிணி யாரையும் கேட்காமல் அம்மாவின் முகத்தை ஒரு விரல்கடை பெரிதாக்கியிருந்தாள். சாரதம்மா காரை உறையிலிருந்து எடுத்து, புருஷனைப் பக்கத்தில் உட்கார வைத்து, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மூன்று முறை ஓட்டினார். சிவநஞ்சப்பா கதவுப் பிடியை விடாமல், கூட்டத்துக்குக் கையசைக்கவும் முயன்றார்.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே எதிர்க்கடை வாசலில் ஒரு பெண்மணி காத்திருந்தார். மாரிகௌடரின் மனைவி. கையில் பாஸ்போர்ட் அளவுப் போட்டோ. பின்னாலேயே பொருளாளரின் மனைவியும் தங்கையும் வேகமாக வந்துகொண்டிருந்தார்கள்.

"தாட்சாயிணி வந்தாச்சா?" என்று கௌடரம்மா என்னிடம் கேட்டார். "அடுத்த வருஷத்துக்கு இப்பவே சொல்லிடறேன். சாரதாவுக்கு எந்த வரிசையோ, எனக்கு அதுக்கும் மேல."